சோக்குக்கு இழுத்த சிவப்பு ஒயர்

தம்பி,

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருபவை நான்கு.

1. உன் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வந்திருக்கும் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்கப் போவதில்லை.
2. உங்கள் லாரிக்கு எலக்ட்ரிக் சோக் மாட்ட நான் ஏன் முன்வந்தேன், எப்படி ஒயர் இழுத்தேன்.
3. அந்த ஒயரை உன் மாமனார் வேண்டுமென்றே கழற்றிப் போட்டது.
4. ஆகவே நாங்கள் ஒடுகத்தூருக்குக் குடிவர முடியாது என்பது.

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். தந்தி ஆபீசில் இருந்த காலம் முழுவதும் அடுத்தவர் சொல்ல வந்ததைச் சுருக்கி அனுப்பியே பழகியவன் நான். சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கும்போது எங்கே தொடங்குவதென்று தெரிவதில்லை. குழந்தை பிறந்ததும் போளூர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிடுங்கள், மாமா நம் தெருவிலேயே வீடு பார்த்து வைத்திருக்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். நேரில் வந்து பதில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் புலம்புவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில் போட்டோ எடுக்க நின்றோம். உன் மாமனார் சவரிமுத்து உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். ஏதோ காலம்காலமாக அந்தக் கை அங்கேயே இருந்தது போல நீயும் நின்றாய். நான் உனக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைபிளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் என்னைப் போதகர் என்று நினைப்பார்கள். உன் தோளில் நான் கடைசியாக எப்போது கை வைத்தேன் என்று அன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அது ஆரம்பம். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. டீ கிளாசை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிறாய், அது அவர் பழக்கம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கை வைத்து உட்காருகிறாய், அதுவும் அவர்தான். வீட்டில் நான் திருத்தித் திருத்தி வைத்திருந்த தமிழ் போய், "இன்னா நைனா, ஒடம்பு எப்படி கீது?" என்று கேட்டபடி உள்ளே வருகிறாய். போன மாதம் குளிக்கும்போது நீ பாடினாய். நீ பாடுவாய் என்பதே எனக்குத் தெரியாது. உன் அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் என் வீட்டில் இருந்தபோது பாடாத பாட்டை எங்கே வைத்திருந்தாய் என்றுதான் தோன்றியது.

உன் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. "புள்ள சந்தோஷமா இருக்குதேன்னு வயிறு எரியற அப்பனை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

"வயிறு எரியவில்லை. கவலைப்படுகிறேன்."

"அப்போ இன்னாத்துக்கு அந்த மனுஷன் பேரை எடுத்தாலே எழுந்து போய்த் தண்ணி குடிக்கிறீங்க? இதோ பாருங்க, இப்பவும் செம்பு கையில."

செம்பு கையில்தான் இருந்தது.

எனக்கே சில சமயம் சந்தேகம் வருகிறது, நான் அவர்மேல் பொறாமைப்படுகிறேனா, அல்லது அவரிடம் நீ இருக்கிற விதத்தின் மேலா என்று. நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உன் வகுப்புப் பிள்ளைகளை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனார்கள். நான் அனுப்பவில்லை. பாதையில் வளைவுகள் அதிகம், பஸ் பழையது, கரடி நடமாட்டம் இருக்கிறது என்று காரணங்கள் சொன்னேன். எல்லாம் உண்மையான காரணங்கள். நீ அழவில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தைப் பிரித்துத் திரும்பப் பூட்டினாய். நான் உனக்குச் சொல்லித் தந்தவற்றை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் செய்யாதே என்பவைதான். ஆற்றில் இறங்காதே, தண்டவாளத்தைத் தாண்டாதே, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. சவரிமுத்து உன்னை முதல் வாரத்திலேயே லாரியில் உட்கார வைத்து, நெல்லிவாசல்நாட்டு மலை வளைவுகளில் ஸ்டியரிங்கை உன் கையில் கொடுத்துவிட்டாராம். நான் பயந்து பூட்டி வைத்த மலையை அவர் ஒரு வாரத்தில் உனக்குத் திறந்துவிட்டார். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். இன்னும் முடியவில்லை.

இனி லாரி. அது அவர் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வண்டி. மலைமேல் புளியும் சாமையும் ஏற்றி, இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்க வேண்டும். அந்தக் குளிரில் எஞ்சின் எழுந்துகொள்ளாது. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றுக் குறைவாகவும் பெட்ரோல் கூடுதலாகவும் வேண்டும். அதற்காகக் கார்புரேட்டரின் வாயை ஒரு தகடு மூடும். அதுதான் சோக். உங்கள் வண்டியில் அந்தத் தகட்டை இழுக்கும் கேபிள் அறுந்து போயிருந்தது. அது போனால் என்ன, அவரிடம் உள்ளங்கை இருந்தது. பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, உன்னை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லி, எந்த நொடியில் கையை எடுக்க வேண்டுமோ அந்த நொடியில் எடுப்பாராம். நீ இதை எங்களிடம் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். "மாமா கைய வெச்சா வண்டி பேசும்ப்பா" என்றாய். என் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்றே முடிவு செய்தேன், அந்த உள்ளங்கைக்கு வேலை இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று. வண்டி நன்றாக ஓட வேண்டும், நீ மலையில் அவதிப்படக் கூடாது என்பதெல்லாம் அடுத்தபடிதான். சென்னைக்குப் போய் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து, அடிபட்ட வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் சோக்கை வாங்கி வந்தேன். வட்டமான கறுப்பு மூடி. உள்ளே ஒரு சுருள் பட்டை. குளிரில் சுருள் இறுகித் தகட்டை மூடி வைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் பட்டை சூடாகித் தளர்ந்து, ஓரிரு நிமிடத்தில் தகடு தானாகத் திறந்துகொள்ளும். யாரும் கையை வைக்க வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். லேத் கடையில் ஒரு சின்னத் துண்டு செய்து அதை உங்கள் கார்புரேட்டரின் தண்டோடு பொருத்தினேன்.

ஒயர் இழுக்கும் வேலையை நான் எவ்வளவு யோசித்துச் செய்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். பொறி உண்டாக்கும் காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்து எடுப்பது சுலபம், ஆனால் அப்படி எடுத்தால் பிளக்குக்குப் போகும் பொறி பலவீனமாகிவிடும். நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால் வண்டி நிற்கும்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி செத்திருக்கும். ஆகவே சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற முனையை விளக்கு வைத்துச் சோதித்துப் பார்த்து, அதிலிருந்து ஒரு பியூஸ் வழியாகச் சிவப்பு ஒயரை இழுத்தேன். எஞ்சின் சூடு படாமல் ஓரமாகக் கொண்டுபோய், அங்கங்கே கட்டி, எர்த்துக்குத் தனியாகக் கறுப்பு ஒயர் போட்டேன். இரண்டு நாள் நம் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டிருந்தீர்கள். வேலை முடிந்த மறுநாள் காலை நம் வீட்டில் நான் ஜெபம் செய்தேன். நீங்கள் எல்லாரும் உடன் இருந்தீர்கள். பிறகு போய்ச் சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினாய், முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. சவரிமுத்து பானெட்டின் மேல் தட்டி, "தந்தி சாரு, என் கைக்கு ரிட்டையர்மென்ட் குடுத்துட்டீங்க" என்றார். நீ என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய். அன்று முழுவதும் நான் சட்டையைக் கழற்றவில்லை என்று உன் அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

மூன்றாவது. சில வாரம் கழித்து, சபையில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒடுகத்தூர் வந்தேன். வண்டி தெருவில் நின்றது. பானெட் திறந்திருந்தது. என் சிவப்பு ஒயர் சோக்கிலிருந்து கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, பேட்டரிப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் தகடு மூடியே கிடக்கும் என்பதால் அதைக் கட்டுக்கம்பியால் இழுத்துத் திறந்து கட்டியிருந்தார்கள். மறுபடி உள்ளங்கை வேலைக்கு வந்துவிட்டது என்று புரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றதை நீ பார்த்தாய். தரையைப் பார்த்தாய். நீ வாயைத் திறப்பதற்குள் உன் மாமனார் வந்துவிட்டார்.

"நான்தான் சாரு கழட்டி வுட்டேன். நம்ப வண்டிக்கு ஒத்துக்கல. கோச்சிக்காதீங்க, வாங்க, வூட்டாண்ட போலாம். கறி வாங்கி வெச்சிருக்குது."

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்சில் ஏறிவிட்டேன். அவர் தம் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார், நீயும் விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று போளூர் வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். வேண்டாத கையை ஒரு மனிதன் இப்படித்தான் தள்ளிவிடுவான். அப்படிப்பட்டவரின் தெருவில், அவர் பார்த்து வைத்த வீட்டில், என் பேரப்பிள்ளை யார் மடிக்கு முதலில் ஓடுகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இதுவரை எழுதி, நான்காவதைத் தொடங்கும்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. சவரிமுத்து. போளூர் மண்டிக்குப் புளி இறக்கிவிட்டு, திரும்ப மலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"பையன் வேலூர் போயிருக்கான் சாரு, மாசமா கீற பொண்ண டாக்டரம்மாகிட்ட காட்ட. தனியா மலை ஏர்றதுக்கு பேஜாரா கீது. நீங்க வாங்களேன், பேச்சுத் துணைக்கு. நாளைக்குக் கொண்டாந்து வுட்டுர்றேன்."

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் அம்மா என் போர்வையையும் மப்ளரையும் பையில் திணித்துவிட்டாள். "அவருக்கு ஒரு வேலையும் இல்ல அண்ணே. இட்டுக்கினு போங்க. கொஞ்ச நாளா வூட்டுக்குள்ளயே குந்திக்கினு எதையோ எழுதிக்கினு கீறாரு."

வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டதை அவர் பார்த்தாரா தெரியவில்லை, பார்த்திருந்தாலும் சொல்லவில்லை. பாதி வழியில் எப்படியோ தைரியம் வந்து, அந்த ஒயரைத் திரும்ப மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார். "உங்க ஒயரு சாரு. மாட்டுங்க. யாரு வேணான்னது" என்றார். நெல்லிவாசல்நாட்டில் மூட்டை ஏற்றி முடித்தபின், பொழுது சாய்வதற்குள் கட்டுக்கம்பியை அவிழ்த்து, டேப்பை உரித்து ஒயரை மாட்டினேன்.

காலையில் பனி கண்ணை மறைத்தது. சந்தைக்குப் போகும் பெண்கள் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். லோடு ஏற்றும் வெள்ளையன், உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, பின்னால் தொத்திக்கொண்டான். சவரிமுத்து சாவியைப் போட்டார். டாஷ்போர்டில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். கண்ணை மூடி, மணி மணியாக உருட்டி, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். நம் சபையில் இந்த வழக்கம் இல்லை, ஆகவே எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்து மணி முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. மேலே பெண்கள் முனகத் தொடங்கினார்கள்.

நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் பனி போலக் குளிர்ந்திருந்தது, ஆனால் சோக் தகடு முழுவதும் திறந்து நின்றது. கறுப்பு மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் சிவப்பு ஒயரில் மின்சாரம் போய், எஞ்சின் ஓடுவதற்கு முன்பே சுருள் தளர்ந்து, தகடு தன் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது.

"தினமும் சாவி போட்ட பிறகுதான் ஜெபமா?" என்று கேட்டேன்.

"சாவி போட்டாத்தான பல்பு எரியும். இருட்டுல வெச்சு மாதாகிட்ட எப்படி பேசறது?"

"எங்கள் வீட்டு வாசலில் அன்றைக்குச் சொல்லவில்லையே."

"அன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணீங்க இல்ல. உங்க வூட்டாண்ட நின்னுக்கினு, உங்க ஜெபம் பத்தலைன்னு நான் தனியா மணி உருட்டினா நல்லாவா இருக்கும்?"

பின்னாலிருந்து வெள்ளையன் குரல் கொடுத்தான். "இதே கதைதான் சாமி அன்னைக்கும். சந்தைக்கு நேரமாச்சுன்னு பொம்பளைங்க வுட்ட வார்த்தையில சின்னவருக்குக் கோவம் வந்து, ஒயரைப் புடிச்சு ஒரே இழுப்பு. பெருசுதான் அப்புறம் குந்தி டேப்பு சுத்துனாரு."

"டேய், உன்னைக் கேட்டாங்களா? மூட்டையைப் பாரு" என்றார் சவரிமுத்து. அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

உள்ளங்கையால் பொத்தித்தான் அன்று வண்டியை எழுப்பினார். நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். நீ சொன்னது சரி, அந்தக் கைக்குத் தெரிகிறது. பாதி மலை இறங்கினோம். பிறகு நான்தான் கேட்டேன், ஏன் நீங்கள் கழற்றியதாகச் சொன்னீர்கள் என்று.

"பையன் ரெண்டு நாளா சோறு எறங்காம கெடந்தான் சாரு. அப்பா மெட்ராஸ் வரைக்கும் போயி வாங்கியாந்து மாட்டினாரு, நான் புடுங்கிட்டேன், எப்படிச் சொல்றதுன்னான். என்மேல உங்களுக்குக் கோவம் வந்தா ஒரு வேளை கறி வேணான்னு போவீங்க. போனீங்க. அவன்மேல வந்துச்சுன்னா நீங்க வாயத் தொறந்து திட்டவும் மாட்டீங்க, மனசுல வெச்சுக்கினு நடப்பீங்க. அதை அவனால தாங்க முடியாது."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக அவர் எப்போது தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி, என் பொறாமை அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை, கூடியது. அவர் உனக்காக ஒரு பொய் சொன்னார். நான் உனக்காக இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பொய் சொல்லக் கூடாது என்றுதான் உனக்குச் சொல்லித் தந்தேன். அது நல்ல போதனைதான், ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த நீ, தப்பு செய்த அன்று என்னிடம் வராமல் அவரிடம் போய்ச் சோறு இறங்காமல் கிடந்தாய். உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளை ஒரு நாள் எதையாவது பிய்த்துப் போட்டுவிட்டு வரும். அன்று அது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி நீ இரு. எப்படி இருப்பது என்று என்னைக் கேட்காதே. உன் மாமனாரைக் கேள்.

ஒயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். என் கணக்கில் குறை இருந்தது. சாவி போட்டால் எஞ்சின் ஓடும் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஒரு ஜெபம் இருக்கிறது. ஒடுகத்தூர் வந்ததும் அந்த முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, ரெகுலேட்டர் பெட்டியில் டைனமோவிலிருந்து வரும் முனையில் பியூசோடு மாட்டிவிட்டேன். எஞ்சின் சுற்றினால்தான் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால்தான் அங்கே மின்சாரம். இனி அவர் ஒரு பத்து மணி என்ன, முழு ஜெபமாலையும் சொல்லி முடிக்கட்டும், தகடு மூடியே இருக்கும். இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் நான் இன்னும் பார்க்கவில்லை, இதிலும் ஏதாவது விட்டிருப்பேனோ என்று நேற்றிலிருந்து யோசனை. நீ மலையில் ஒரு காலைப்பொழுது பார்த்துவிட்டு எழுது. சரியில்லை என்றால் ஒயரைப் பிடுங்குவதற்கு முன் எழுது. பிடுங்கிய பிறகு என்றாலும் எழுது.

அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருப்பதாக அவர் சொன்னார். சமையலறைச் சன்னல் கிழக்குப் பக்கம் இருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். வந்த பிறகும் நான் இப்படித்தான் இருப்பேன். உன் பிள்ளை அவரிடம் ஓடினால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். அதைப் பார்த்து நீ சிரித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்கிறாள் அம்மா. கிழித்தால் நான் உன்னிடம் ஒன்றை மறைத்ததாகும். நீயும் படி, வேண்டுமானால் அவருக்கும் படித்துக் காட்டு. குடிவர முடியாது என்று நான்காவதாக எழுதியது முழுக்க மூன்றாவதின் மேல் நின்றது. அந்த ஒயரைக் கழற்றியவர் உன் மாமனார் அல்ல. அவர் வேண்டுமென்றே செய்தது, உனக்கு வர வேண்டிய என் கோபத்தைத் தாம் வாங்கிக்கொண்டது. மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

அப்பா